பிளாஸ்டிக் துப்பாக்கி ஏன் கையில் வெடிப்பதில்லை?

பிளாஸ்டிக்கில் துப்பாக்கி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் யாருக்கும் இரண்டு சந்தேகங்கள் வரும். விமான நிலையச் சோதனையில் அது சிக்காமல் போய்விடுமா என்பது ஒன்று. வெடிமருந்து வெடிக்கும்போது அது கையிலேயே சிதறிவிடாதா என்பது இன்னொன்று. இரண்டாவது சந்தேகம் மிகவும் நியாயமானது. எஃகுக் குழலையே சோதித்துப் பார்க்கும் அழுத்தத்தை நைலான் எப்படித் தாங்கும்?

இன்று உலகெங்கும் காவல்துறைகளும் ராணுவங்களும் வைத்திருக்கும் புதிய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பாலிமர் சட்டகம் கொண்டவை; அதாவது கைப்பிடியும் அடிப்பகுதியும் பிளாஸ்டிக். அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல வாங்கப்படும் சிறிய கைத்துப்பாக்கிகளிலும் இதுவே நிலை. ஒரு பொறியாளர் இத்தகைய கருவியை மதிப்பிட்டால் எதையெதைப் பார்ப்பார்? எடை குறைந்ததால் கிடைத்த லாபம் என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன? இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது.

விமான நிலையத்து வதந்தி

முதல் சந்தேகத்தை விரைவாக முடித்துவிடலாம். ஆஸ்திரியாவின் க்ளாக் 17 கைத்துப்பாக்கி 1980களின் நடுவில் அமெரிக்காவுக்குள் வந்தபோது, விமானக் கடத்தல்காரர்களுக்கு ஏற்ற ஆயுதம் அது என்று பத்திரிகைகள் எழுதின. 1990இல் வந்த 'டை ஹார்ட் 2' படம் இன்னும் ஒரு படி மேலே போய், ஜெர்மனியில் பீங்கானால் செய்யப்பட்ட க்ளாக் ஒன்று எக்ஸ்ரேயில் தெரியாது என்று வசனம் வைத்தது. அப்படி ஒரு துப்பாக்கி இருந்ததே இல்லை. நாடும் தவறு, பொருளும் தவறு.

உண்மையில் க்ளாக் 17இன் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலோகம். குழல், அதன் மேலே முன்னும் பின்னும் ஓடும் கனமான மூடி, சுருள்வில், ஊசி எல்லாமே எஃகு. மெட்டல் டிடெக்டர் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் மின்சாரம் கடத்தும் பொருள் எது வந்தாலும் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்பும். அரை கிலோ எஃகு அதன் கண்ணில் படாமல் தப்ப வழியில்லை. எக்ஸ்ரே திரையில் குழலின் வடிவம் அப்படியே விழும். ஆனாலும் அச்சம் அடங்காததால் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சுமார் 105 கிராம் எஃகுக்கு ஈடாக டிடெக்டரில் தெரியாத எந்தத் துப்பாக்கியையும் செய்யவோ விற்கவோ கூடாது என்றது அது. க்ளாக் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியே இருந்தது.

திரைச்சீலைக் கம்பி செய்தவர்

கஸ்டன் க்ளாக் துப்பாக்கித் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்ல. வியன்னாவுக்கு அருகே டாய்ச்-வாக்ராம் என்ற ஊரில் திரைச்சீலைக் கம்பிகளும், பின்னர் ராணுவத்துக்குக் கத்திகளும் செய்துவந்த பட்டறைக்காரர். 1980 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் தன்னிடமிருந்த பழைய வால்தர் பி38 கைத்துப்பாக்கிகளுக்கு மாற்று தேடியது. பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் அனுபவம் க்ளாக்குக்கு இருந்தது. துப்பாக்கிகளைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாததும் அவருக்கு ஒரு வசதியாக அமைந்தது. நிபுணர்களை உட்காரவைத்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு வரையத் தொடங்கினார். முதல் மாதிரிகளை அவர் இடது கையால் சுட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள். வெடித்துவிட்டால் வரைபடம் போட வலது கை மிஞ்ச வேண்டுமே!

1982இல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய க்ளாக் 17ஐ ஏற்றுக்கொண்டது. பாலிமர் சட்டகம் கொண்ட முதல் கைத்துப்பாக்கி இதுவல்ல. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970இலேயே விபி70 என்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதற்கும் முன்னால், 1959இல், அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் நைலான் கட்டை வைத்த சிறிய ரைபிள் ஒன்றை விற்றது. ஆனால் அந்த முயற்சிகள் தனித்தனியாக நின்றுபோயின. பாலிமரைச் சந்தை முழுக்க ஏற்க வைத்தது க்ளாக்தான்.

நைலான் என்றால் பலவீனமானது அல்ல

பாலிமர் என்பது பள்ளிப் பாடநூலில் பலபடி. சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு உண்டாகும் நீண்ட சங்கிலி. 1935இல் அமெரிக்காவின் டூபான் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் அந்தக் குடும்பத்தில் முக்கியமான உறுப்பினர். நைலான் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்பால் இடையிடையே பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் அது மற்ற பல பிளாஸ்டிக்குகளைவிட உறுதியாக இருக்கிறது. உடைவதற்கு முன் வளைந்தும் கொடுக்கிறது. மிக நுண்ணிய கண்ணாடி இழைகளை அதில் கலந்தால் வளைவு குறைந்து விறைப்பு கூடும். துப்பாக்கிச் சட்டகங்களுக்கு இத்தகைய கலவைகளைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. க்ளாக் தன் கலவையின் விவரத்தை வெளியே சொல்வதில்லை.

எடை விஷயத்தில் வித்தியாசம் பெரிது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கண்ணாடி இழை கலந்த நைலான் 1.4 கிராமுக்கும் சற்றுக் குறைவு. எஃகுச் சட்டகத்தைப் பெரிய இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தும் அறுத்தும் எடுக்க வேண்டும். நைலானை உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறவிட்டு எடுத்தால் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. துரு பிடிக்காது. குளிர்நாட்டில் கையைச் சுடுவதுபோல் உறைந்தும் போகாது.

ஆனால் விறைப்பில் நைலான் எஃகுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரே அளவில் செய்து ஒரே விசையைக் கொடுத்தால், கண்ணாடி இழை கலந்த நைலான் எஃகைவிட இருபது மடங்குக்கும் மேல் வளையும். அதிவேகக் காமிராவில் பார்த்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் பாலிமர் சட்டகம் நெளிந்து அதிர்வது கண்ணுக்கே தெரியும். அப்படியானால் நம் இரண்டாவது சந்தேகம் இன்னும் வலுவாகிறது. நெளியும் பொருளால் செய்த துப்பாக்கி எப்படி உயிரோடு மிஞ்சுகிறது?

ஒரு சூட்டை மெதுவாகப் பார்ப்போம்

விடை தெரிய ஒரே ஒரு சூட்டை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு பங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலகில் மிகப் பரவலான 9 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியரான கியோர்க் லூகர் நூற்றாண்டுக்கு முன் வடிவமைத்தது அது. தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, அதன் முனையில் குண்டு ஆகியவை சேர்ந்தது. குண்டின் எடை 8 கிராம் என்றும், அது குழலை விட்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

டிரிக்கரை அழுத்தியதும் ஊசி பாய்கிறது, மருந்து பற்றுகிறது. கூட்டுக்குள் வாயு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 2300 மடங்கு வரை ஏறலாம். ஐரோப்பியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்சவரம்பு 2350 பார். குழலின் குறுக்குப் பரப்பு 64 சதுர மி.மீ. தான். ஆனாலும் அந்த அழுத்தம் அந்தச் சிறு வட்டத்தின் மேல் கொடுக்கும் விசை 15,000 நியூட்டன். அதாவது ஒன்றரை டன் எடைக்குச் சமம். அதே விசை எதிர்ப்பக்கம் கூட்டின் அடியையும் பின்னோக்கித் தள்ளுகிறது.

இந்த ஒன்றரை டன் எங்கே போய் விழுகிறது என்பதுதான் முழுக் கதையும். கூட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் எழும் அழுத்தத்தை எஃகுக் குழல் தாங்குகிறது. கூட்டின் அடியில் விழும் விசை ஸ்லைடு என்ற எஃகு மூடியின் மேல் விழுகிறது. அந்த ஸ்லைடோ இந்தக் கணத்தில் குழலோடு பூட்டப்பட்டிருக்கிறது. குழலின் மேலுள்ள தடித்த விளிம்பு, ஸ்லைடில் வெற்றுக்கூடு வெளியேறும் திறப்புக்குள் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். ஆக வெடிப்பைச் சுற்றி நாலாபுறமும் எஃகு. பிளாஸ்டிக் சட்டகம் அந்தப் பாதையிலேயே இல்லை. குழலும் ஸ்லைடும் சேர்ந்த எஃகுத் தொகுதி அதன் மேல் வெறுமனே சறுக்கி நகர்கிறது. அந்தச் சறுக்கலுக்காக பிளாஸ்டிக்குக்குள் சிறிய எஃகுத் தண்டவாளத் துண்டுகளைப் புதைத்து வார்த்திருக்கிறார்கள்.

இனி நகர்வைக் கணக்கிடுவோம். ஹொகேனக்கலில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவுபவர் முன்னே போக, பரிசல் பின்னே நழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் கனமாக, பரிசல் லேசாக இருந்தால் அது வேகமாக நழுவும். முன்னே போனதன் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதும், பின்னே போனதன் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதும் சமம். இந்தப் பெருக்கலுக்கு உந்தம் என்று பெயர். எடையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினாலும் இதே சமன்பாடு நிற்கும்.

குண்டு 8 கிராம். குழலுக்குள் அது ஓடும் தூரம் ஏறத்தாழ 100 மி.மீ. பெருக்கினால் 800. குழலும் ஸ்லைடும் சேர்ந்து 450 கிராம் என்று கொண்டால், 800ஐ 450ஆல் வகுக்க வருவது 1.8. அதாவது குண்டு குழலை முழுக்கக் கடந்து காற்றுக்குள் போய்ச் சேரும் நேரத்தில் எஃகுத் தொகுதி பின்னோக்கி நகர்ந்திருப்பது 1.8 மி.மீ. மட்டுமே. நேரக் கணக்கில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதி. அதுவரை பூட்டு திறக்கவில்லை. குண்டு போனதும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுகிறது. சுமார் 3 மி.மீ. நகர்ந்த பிறகே குழலின் அடியிலுள்ள சரிவு, சட்டகத்தில் பொருத்திய ஓர் எஃகுத் துண்டில் உரசி, குழலின் பின்முனையைக் கீழே இறக்குகிறது. பூட்டு விடுபடுகிறது. குழல் நின்றுவிடுகிறது, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை டிரிக்கரை அழுத்த வேண்டும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்பதால் இதற்கு அரைத்தானியங்கி என்று பெயர்.

குழல் சாயும் இந்தப் பூட்டு அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங்கின் மூளையில் உதித்தது. அவர் 1926இல் பெல்ஜியத்தில் இறந்த பிறகு முடிக்கப்பட்டு 1935இல் வெளிவந்த ஹை-பவர் துப்பாக்கியில் அது இன்றைய வடிவத்துக்கு நெருங்கி வந்தது. நம் நாட்டு ராணுவமும் காவல்துறையும் நெடுங்காலமாக வைத்திருக்கும், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டல் அந்த ஹை-பவரின் மறுபதிப்புதான். அதன் சட்டகம் எஃகு.

பூட்டு திறந்தபின் பிளாஸ்டிக்குக்கு வேலை வருகிறது. 350 கிராம் எடையுள்ள ஸ்லைடு நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பின்னே வருகிறது. அதன் ஆற்றல் சுமார் 7 ஜூல். இதைச் சுருள்வில்லும் சட்டகமும் சேர்ந்து 40 மி.மீ. தூரத்தில் நிறுத்த வேண்டும். சராசரியாகப் பார்த்தால் அதற்கு 175 நியூட்டன் போதும். 18 கிலோ எடைக்குச் சமம். ஸ்லைடு கடைசியில் முட்டி நிற்கும் கணத்தில் இது சில மடங்கு கூடும். அப்படியே கூடினாலும் 15,000 எங்கே, சில நூறு எங்கே!

பிளாஸ்டிக் துப்பாக்கி கையில் வெடிக்காததற்குக் காரணம் பிளாஸ்டிக்கின் வலிமை அல்ல என்பது இப்போது தெளிவாகும். வெடிப்பின் விசை அதன் பக்கம் வராதபடி பாதை போட்டதுதான் காரணம். இதற்கு மறுபக்கமும் உண்டு. குழலில் முந்தைய குண்டு சிக்கிக் கிடந்தாலோ, தோட்டாவில் மருந்து அளவுக்கு மீறிப் போனாலோ எஃகு பிளந்துவிடும். அப்போது பிளாஸ்டிக் எதையும் காப்பாற்றாது.

குறைந்த எடையை யார் சுமப்பது?

மறைத்து எடுத்துச் செல்ல லேசான துப்பாக்கி நல்லது. அதைச் சுடும்போது என்ன ஆகிறது? மறுபடியும் அதே பெருக்கல்தான். குண்டின் 8 கிராமை 350ஆல் பெருக்க 2800. தோட்டா நிரப்பிய எஃகுத் துப்பாக்கி ஒன்று ஒரு கிலோ எடை என்றால், அது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னே உதைக்கும். நிரப்பிய சிறு பாலிமர் துப்பாக்கி 600 கிராம் என்றால், நொடிக்கு 4.7 மீட்டர். ஆற்றலில் சொன்னால் முதலாவது சுமார் 4 ஜூல், இரண்டாவது 6.5 ஜூல். குண்டு ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். கைக்கு வருவது மட்டும் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிட்டது. வாயுவும் வேகமாக முன்னே பீறிடுவதால் உண்மையில் உதை இன்னும் சற்று அதிகம்.

பாலிமர் நெளிந்துகொடுத்து உதையை உறிஞ்சிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. நெளிவு அந்த உதையை இன்னும் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பலாம்; கூர்மை குறைந்ததுபோல் கைக்குத் தோன்றும். ஆனால் மொத்த உந்தத்தில் ஒரு துளிகூடக் குறையாது. அது முழுவதும் உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை வழியாக உடலுக்குப் போய்த்தான் தீர வேண்டும். மேலும் குழல் எப்போதும் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி நேராகப் பின்னே வராமல் முனை மேலே எழும். சட்டகம் லேசாகி ஸ்லைடு மட்டும் கனமாக இருந்தால், எடையின் மையமும் மேலே ஏறிவிடும்.

பிடி தளர்ந்தால்

பாலிமருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்லைடு முழுதாகப் பின்னே ஓடினால்தான் வெற்றுக்கூடு வெளியே போய் அடுத்த தோட்டா ஏறும். அது ஓட வேண்டியது சட்டகத்தைப் பொறுத்து. சட்டகமும் கூடவே பின்னே வந்துவிட்டால்?

கை உறுதியாகப் பிடித்திருக்கும்போது ஸ்லைடின் 7 ஜூலும் சுருள்வில்லை அழுத்தப் பயன்படுகிறது. மாதிரிக்கு ஒரு கணக்கு: பிடிமானமே இல்லாமல் துப்பாக்கி காற்றில் மிதப்பதாகக் கொள்வோம். மேகசின் எனப்படும் தோட்டாக்கூட்டோடு சேர்ந்து சட்டகம் 250 கிராம் என்றால், சுருள்வில்லுக்குக் கிடைப்பது 3 ஜூலுக்கும் குறைவு. சட்டகம் 600 கிராம் எஃகாக இருந்தால் 4 ஜூலுக்கு மேல் கிடைக்கும். நிஜத்தில் கை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்த ஒருவர் சுட்டால் லேசான துப்பாக்கி பாதி வழியில் சிக்கி நிற்பதற்கு இதுதான் காரணம். துப்பாக்கி பழுது என்று பலர் நினைப்பார்கள்; பிடியும் அந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்பதே உண்மை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், வேறொருவர் கையில் அது எப்படி ஓடியது என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை. தாங்கள் பயன்படுத்தப் போகும் அதே வகைத் தோட்டாவில் சில நூறு சுட்டுப் பார்த்த பிறகே அதை நம்புகிறார்கள்.

மெலிவின் வடிவியல்

மறைத்து எடுத்துச் செல்வது என்றால் என்ன என்பதை அமெரிக்கச் சூழலில்தான் புரிந்துகொள்ள முடியும். 1987இல் ஃபுளோரிடா மாநிலம், தகுதி உள்ள எவருக்கும் இதற்கான அனுமதியை மறுக்காமல் வழங்கச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே தேவையில்லை. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே ஆயுதம் எடுத்துச் செல்வதும் அரசியலமைப்பு தந்த உரிமையே என்று தீர்ப்பளித்தது. பெரிய சந்தை, இடுப்பு உறைக்குள் ஒளிய வேண்டிய கருவி.

ஒளிப்பதில் நீளத்தைவிடத் தடிமன்தான் பெரிய எதிரி. தடிமனைத் தீர்மானிப்பது கைப்பிடிக்குள் இருக்கும் மேகசின். 9 மி.மீ. தோட்டாவின் விட்டம் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கினால் 60 மி.மீ. உயரத்தில் 6 தோட்டாக்கள். அகலம் 10 மி.மீ. இப்போது ஒன்று இடம், ஒன்று வலம் என்று 8 மி.மீ. விலக்கி அடுக்குவோம். ஒவ்வொன்றும் கீழே உள்ளதற்கு மேலே 6 மி.மீ. மட்டுமே ஏறினால் போதும். அதே உயரத்தில் 9 தோட்டாக்கள் அடங்கும். அகலம் 18 மி.மீ. ஆகிவிடும். எவ்வளவு விலக்குகிறோமோ அவ்வளவு அடங்கும், அவ்வளவு தடிக்கும். வடிவமைப்பாளரின் முழுப் பேரமும் இந்த விலகலில் இருக்கிறது.

சட்டமும் இதில் கைவைத்தது. 1994 முதல் 2004 வரை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் புதிய மேகசின்களைப் 10 தோட்டாவுக்குள் நிறுத்தியது. பத்துக்கு மேல் கூடாது என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று உற்பத்தியாளர்கள் சிறிய உருவங்களை நோக்கித் திரும்பினார்கள். 2018இல் வந்த சிக் பி365 இந்தப் போக்கின் திருப்பம். ஒற்றை வரிசைக்கும் முழு இரட்டை வரிசைக்கும் இடைப்பட்ட அடுக்கு முறையால் ஓர் அங்குலத் தடிமனில் 10 தோட்டாக்களை அடக்கியது. காலி மேகசினோடு அதன் எடை அரை கிலோதான். அதன் பிறகு போட்டியாளர்கள் எல்லோரும் அதே வழியில் போனார்கள்.

சிறிதாவதற்கும் விலை உண்டு. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால் குறிபார்ப்பதில் நேரும் பிழை பெருகும். அந்தத் தூரம் 165 மி.மீ. ஆக இருக்கும் க்ளாக் 17இல், முன் குறி 1 மி.மீ. விலகினால் 7 மீட்டர் தொலைவில் குண்டு 42 மி.மீ. விலகும். 130 மி.மீ. உள்ள சிறிய துப்பாக்கியில் அதே பிழை 54 மி.மீ. ஆகும்.

டிரிக்கர் தரும் தலைவலி

மதிப்பீட்டில் மிக நுட்பமான இடம் டிரிக்கர். வேண்டும்போது எளிதாக இயங்க வேண்டும். வேண்டாதபோது எக்காரணம் கொண்டும் இயங்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

க்ளாக்கின் டிரிக்கரை இழுக்க சுமார் இரண்டரை கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். முன்பு கண்ட சிறு துப்பாக்கியோ 600 கிராம். கருவியின் எடையைப்போல நான்கு மடங்கு விசையை ஒரே விரலால் கொடுத்துக்கொண்டே அதை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். விரல் சிறிதளவு பக்கவாட்டில் இழுத்தாலும் லேசான துப்பாக்கி உடனே திரும்பிவிடும். கனமான எஃகு தன் எடையாலேயே அந்த அசைவை ஓரளவு எதிர்க்கும். பாலிமருக்கு அந்த வசதி இல்லை.

சரி, டிரிக்கரை இன்னும் இலகுவாக்கினால்? அப்போது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். 600 கிராம் துப்பாக்கி இடுப்பு உயரமான 1.2 மீட்டரிலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.8 மீட்டர், ஆற்றல் 7 ஜூல். நாம் முன்பு கண்ட பின்னுதைப்பின் அளவே கிட்டத்தட்ட இதுவும். துப்பாக்கி பின்பக்கமாகத் தரையில் மோதி நின்றாலும், டிரிக்கர் தன் சொந்த எடையின் வேகத்தில் தொடர்ந்து பின்னே போகப் பார்க்கும். விரலே இல்லாமல் டிரிக்கர் அழுந்துகிறது!

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2017 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த துப்பாக்கியின் பொதுச் சந்தை உடன்பிறப்பான சிக் பி320, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுட்டுவிடுகிறது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனைகள் காட்டின. நிறுவனம் விற்ற துப்பாக்கிகளுக்கு இலவசமாக மாற்றம் செய்துதர முன்வந்தது. அந்த மாற்றத்தில் முக்கியமானது எடை குறைந்த டிரிக்கர். டிரிக்கர் லேசானால் அது தானாக ஓடும் உந்தமும் குறையும். இதே நோக்கத்துக்கு க்ளாக் வேறு வழி கண்டிருந்தது. டிரிக்கரின் நடுவே ஒரு சிறு நாக்கு. அதை விரல் அழுத்தாமல் டிரிக்கர் நகராது. உள்ளே ஊசியின் பாதையை மறிக்கும் முளை ஒன்றும், விழும்போது உறுப்புகள் விலகாமல் தடுக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. ஆனால் விரலோ, சட்டை நுனியோ டிரிக்கரை அழுத்தினால் இவற்றில் எதுவும் தடுக்காது. டிரிக்கரை முழுதாக மூடும் உறை இல்லாமல் இவ்வகைத் துப்பாக்கியை இடுப்பில் செருகுவது ஆபத்து என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மதிப்பீட்டின் முடிவு

பாலிமர் சட்டகம் பொறியியலில் ஒரு நேர்த்தியான விடை. வெடிப்பை எஃகுக்குள் அடைத்து, கைக்கு வரும் பகுதியை மட்டும் நைலானில் செய்ததால் எடையும் விலையும் குறைந்தன, துரு ஒழிந்தது. ஆனால் தூக்கிச் செல்ல எளிதான அளவுக்கு அது சுடக் கடினமாகிவிட்டது. உதை கூடியது, குறிப்பிழை கூடியது, விரல் அசைவு கூடியது, பிடியைச் சார்ந்திருப்பது கூடியது. இவை ஒவ்வொன்றையும் பயிற்சியால்தான் ஈடுகட்ட வேண்டும். வாங்கி அலமாரியில் வைப்பவரிடம் அந்தப் பயிற்சி இருப்பதில்லை.

இயந்திரத்தை மட்டும் மதிப்பிட்டு நிறுத்துவதும் அறிவியல் ஆகாது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் சாத்தியம், வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு என்று அது கண்டது. அந்நியனிடமிருந்து காக்க என்று வாங்கிய கருவி, வாங்கியவர் வீட்டிலேயே அதிக உயிர் குடிக்கிறது. சட்டகம் எஃகா நைலானா என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட துளை அளவில் சேர்கிறது. சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடையாது. இந்த அத்தியாயத்தில் பார்த்த கணக்குகள் எல்லாவற்றையும் எடைபோட்டால், அந்தத் தடை நமக்கு இழப்பு அல்ல.